சாம்பல் நிறத்து மூடிக்கறி

இங்கிலாந்து தேசத்துச் சாப்பாட்டை இங்கிலாந்துக்காரனைவிட நன்றாகச் சமைக்கத் தெரிந்த ஆள் இந்தப் பூமியில் ஒருத்திதான். அவள் கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கிறாள். பெயர் பெரியநாயகி. லண்டன் அரண்மனையில் தொப்பி போட்டுக்கொண்டு நிற்கிற சமையல்காரர்கள் எல்லாரும் கப்பல் பிடித்துக் கடலூரில் இறங்கி, கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறி, அவள் அடுப்புக்கு முன்னால் வரிசையில் வந்து நின்றால்கூட அவர்களுக்கு வெங்காயம் உரிக்கிற வேலைதான் கொடுப்பாள். அதையும் உரித்த விதம் சரியில்லை என்று திருப்பி அனுப்புவாள். வெள்ளைக்காரன் நாட்டை விட்டுப் போனபோது அவள் பிறந்திருக்கவில்லை. பிறந்து, கரண்டியும் பிடித்திருந்தால், சாப்பாட்டுக்காகவே அவன் இன்னும் பத்து வருஷம் இங்கேயே கிடந்திருப்பான். தேசம் தப்பித்தது.

இதில் ஒரே ஒரு சிக்கல். அவள் வெள்ளைக்காரனை நேரில் பார்த்ததில்லை. அவன் சாப்பாட்டையும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் பங்களா டிவியில், அதுவும் கறுப்பு வெள்ளையில்.

பங்களா என்றதும் ஜமீன்தார் வீடு என்று நினைத்துவிட வேண்டாம். கச்சிராயபாளையத்தைத் தாண்டி, மலை ஏறத் தொடங்குகிற இடத்தில், ஏதோ ஓர் அரசாங்க இலாகாவுக்குச் சொந்தமான ஓட்டுக் கட்டடம். இரண்டு அறை, ஒரு கூடம், பின்பக்கம் சமையலறை. எந்த இலாகா என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை. மலையைப் பார்வையிட வருகிற அதிகாரிகள் அங்கே தங்குவார்கள், மலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்வையிடுவார்கள், சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள்.

பெரியநாயகி எலவனாசூர்கோட்டைப் பக்கத்துப் பெண். பதினாறு வயதில் கொளஞ்சியப்பனுக்கு வாழ்க்கைப்பட்டு மலையடிவாரத்துக்கு வந்தாள். கொளஞ்சியப்பனுக்குச் சொந்த நிலம் கிடையாது. அடுத்தவர் காட்டில் ஏர் ஓட்டுவான், கரும்பு வெட்டுவான், ஒன்றும் கிடைக்காத நாளில் ஊர்ப் பஞ்சாயத்தில் நியாயம் பேசுவான். வீட்டுக்கு ஒரு கூலி போதாது என்று பங்களாவுக்குத் தண்ணீர் தூக்க வந்தவள்தான் பெரியநாயகி. அப்போது சமையலுக்கு இருந்த கிழவர் ஊருக்குப் போகிறேன் என்று போனவர் திரும்பவே இல்லை. கள்ளக்குறிச்சி ஆபீசிலிருந்து வந்த கிளார்க் ராஜாங்கம், "ஒரு வாரத்துக்கு நீ பாத்துக்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாரம் பதினோரு வருஷம் ஓடியது.

ஆபீஸ் பதிவேட்டில் அவள் பெயர் இல்லை. 'சமையல், ஆள் ஒன்று' என்று இருக்கும். அந்த ஆள் ஒன்றுக்குத் தினக்கூலி. வருகிற அதிகாரிகள் "ஏம்மா" என்பார்கள். கோழிக்குழம்பு வாய்க்குப் பிடித்துவிட்டால், "பாவாடை, குழம்பு பிரமாதம்யா" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டு ஜீப் ஏறுவார்கள். பாவாடை நிரந்தர உத்தியோகஸ்தர். காக்கிச் சட்டை உண்டு, பதிவேட்டில் பெயர் உண்டு. நல்ல மனிதர். தனக்குச் சேராத பாராட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் சமையலறைப் பக்கம் பார்ப்பார்.

பாவாடைக்குப் பெண்சாதி இல்லை. இசைவாணி என்று ஒரு மகள் மட்டும் உண்டு. வயது பதினைந்து, ஒன்பதாவது பெயில். அவளைப் பற்றி நல்லதாகச் சொல்ல எதுவும் இல்லை. தங்க வந்த ஓர் ஓவர்சியரிடம், போன ஓவர்சியர் இந்தக் கட்டிலில்தான் செத்துப்போனார் என்று சொல்லி, அவரை இரண்டு நாள் தரையில் படுக்க வைத்தவள். போன ஓவர்சியர் திருவண்ணாமலையில் சவுக்கியமாக இருந்தார்.

எண்பத்தேழு தை மாதம் பங்களாவுக்கு டிவி வந்தது. கூரைமேல் ஒரு மூங்கிலில் ஆன்டெனாவைக் கட்டினார்கள். அதைத் திருப்பித் திருப்பிப் படம் வரவழைக்கிற வேலை இசைவாணிக்கு. அதிகாரிகள் இல்லாத சனிக்கிழமை சாயங்காலங்களில் அவளும் பெரியநாயகியும் கூடத்தில் உட்கார்ந்து பார்ப்பார்கள். அந்த நேரத்தில் ஓர் இங்கிலீஷ் தொடர் வந்தது. பழைய காலத்து இங்கிலாந்து. பெரிய மாளிகை. மேலே துரைகளும் துரைசானிகளும் நாற்காலியில் உட்கார்ந்து வருத்தப்படுவார்கள். கீழே, தரைக்கு அடியில், ஒரு சமையலறை. அங்கே தலையில் வெள்ளைத் தொப்பி வைத்த தடித்த பெண்ணொருத்தி, கையில் கரண்டியோடு ஊரையே அதட்டுவாள். மேலே நடந்தது எதுவும் பெரியநாயகிக்கு வேண்டாம். கீழ்க் காட்சி வந்தால் மட்டும் முறத்தை ஒதுக்கிவிட்டு நிமிர்ந்து உட்காருவாள்.

"இன்னாடி சொல்றான் அந்த வழுக்கத் தலையன்?"

"உப்பு ஜாஸ்தின்றான் அத்தே."

"அவன் வாயிலயே வைக்கலியேடி."

"மோந்து பாத்தே சொல்லிடுவான் அத்தே. அதுக்குத்தான் அவனுக்குச் சம்பளம்."

இசைவாணிக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம், இடமும் மிஞ்சும். ஆனால் பெரியநாயகிக்கு அதுவும் தெரியாது என்பதால் அவள் பண்டிதை. வழுக்கைக்காரனும் சமையல்காரியும் ஒரு காலத்தில் புருஷன் பெண்சாதி, சீர் கம்மியானதால் பிரிந்துவிட்டார்கள் என்று சொல்லி வைத்திருந்தாள். கிழட்டுத் துரைசானிக்குத் தியாகதுருகத்தில் ஒரு தங்கச்சி உண்டு என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பெரியநாயகி திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். தியாகதுருகம் அத்தோடு வாபஸ்.

"அவள ஏன்டி எல்லாரும் மிசஸ் மிசஸ்ன்றாங்க?"

"மரியாத அத்தே. நம்ம அம்மான்றோமே, அதுமாதிரி. பேரோட சேத்து சொல்வாங்க."

"தொரயுமா சொல்வாரு?"

"தொரயும்தான்."

பெரியநாயகி முறத்தை எடுத்து, புடைத்து முடித்த அரிசியையே மறுபடி புடைத்தாள்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. சண்டைக்குப் போயிருந்த இளைய துரை திரும்பி வந்தான். பேசவில்லை, சாப்பிடவில்லை. மேலே அனுப்பிய தட்டெல்லாம் அப்படியே கீழே வந்தன. சமையல்காரி ஒரு சட்டியில் கறியைப் போட்டு, உருண்டையாக ஏதோ காயைப் போட்டு, மாவைத் தட்டிச் சட்டிமேல் மூடி, ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, அடுப்புக்குள் தள்ளினாள். மூடியோடு அதை மேலே கொண்டுபோய் வைத்தார்கள். துரை கரண்டியால் மூடியைத் தட்டினான். அது உடைந்தது, ஆவி வந்தது. ஒரு வாய் சாப்பிட்டான். அப்புறம் சட்டியையே வழித்துச் சாப்பிட்டான். பிறகு அவனே படியிறங்கிக் கீழே வந்து, சமையல்காரி முன்னால் நின்று, அவள் பெயரைச் சொன்னான். வேறெதுவும் சொல்லவில்லை.

அந்த இடத்தில் இசைவாணி ஒன்றும் இட்டுக்கட்டவில்லை. அங்கே மொழிபெயர்க்க எதுவும் இல்லை.

வைகாசியில் ராஜாங்கம் சைக்கிளில் வந்து ஒரு செய்தி சொன்னார். பங்களாவுக்குச் சமையல் உத்தியோகம் ஒன்று நிரந்தரமாக்கப் போகிறார்கள். புதிதாக வந்திருக்கிற பெரிய அதிகாரிதான் முடிவு செய்வார். புரட்டாசியில் வந்து பார்த்துவிட்டு, பேரை எழுதி அனுப்புவார்.

"எம்பேரதான எழுதுவாரு?"

"அவருக்குப் புடிச்சா எழுதுவாரு. புடிக்கலன்னா வேலைவாய்ப்பு ஆபீஸ்லேர்ந்து ஆளு வரும். இல்ல, ஒண்ணுமே வராது." ராஜாங்கம் தண்ணீர் குடித்தார். "இன்னொண்ணும்மா. பள்ளிக்கூடத்துல உனக்குப் போட்டிருக்கிற வயசுப்படி வர தையோட உனக்கு வயசு தாண்டிடுது. அப்பறம் நானே நெனச்சாலும் முடியாது."

"அவருக்கு இன்னா புடிக்கும்?"

"யாரு கண்டா. லண்டன்ல படிச்சவராம்."

ராஜாங்கம் அதை ஏதோ பேச்சுக்குச் சொன்னார். பெரியநாயகி அதைச் சீட்டில் எழுதிக் கொடுத்த மாதிரி வாங்கிக்கொண்டாள். லண்டன்காரருக்குக் கோழிக்குழம்பு எதற்கு? அவருக்கு என்ன வேண்டும் என்பது அவளுக்குச் சனிக்கிழமை தோறும் தெரிந்துகொண்டே இருந்தது. மாசிக்குப் பிறகும் அந்த மாளிகையில் மூடி போட்ட சட்டி அடிக்கடி மேலே போனது; இசைவாணி அதற்கு மூடிக்கறி என்று பெயர் வைத்தாள்.

உள்ளே வைத்துச் சுடுகிற அடுப்பு பங்களாவில் இல்லை. பெரியநாயகி யோசித்தாள். டிவியில் அந்த அடுப்புக்கதவைத் திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பவள் மாதிரி கழுத்தை நீட்டுவாள். நாலு பக்கமும் சூடு வேண்டும், அவ்வளவுதானே. அகலமான அண்டாவில் கோமுகி ஆற்று மணலைக் கொட்டினாள். மணல்மேல் ஒரு கல், கல்மேல் சட்டி. அண்டாவை மூடி, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டாள். முதல் தடவை மூடி வெந்தது, கறி வேகவில்லை. இரண்டாவது தடவை கறி வெந்தது, மூடி உள்ளே விழுந்து களியானது. மூன்றாவது தடவை பங்களா நாய்க்கு வைத்தார்கள். நாய் அதைக் கவ்விக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்தது.

ஆனியில் ஒரு நாள் மைதாவையும் டால்டாவையும் விரல் நுனியால் உதிர்த்துப் பிசைந்தாள். டிவிக்காரி சுடுவதற்கு முன்னால் மூடிமேல் எதையோ பூசினாளே என்று நினைவு வந்து, முட்டையை அடித்துக் கோழி இறகால் தடவினாள். அண்டாவைத் திறந்தபோது மூடி வெயில் பட்ட வைக்கோல் நிறத்தில் உப்பி நின்றது. தட்டினால் பொருபொருவென்று உதிர்ந்தது. இசைவாணி நின்றபடியே பாதியைத் தின்றாள்.

"தப்பு" என்றாள் பெரியநாயகி.

"நல்லாத்தான இருக்குது அத்தே?"

"நல்லா இருந்து இன்னாத்துக்கு? கலரு தப்பு. அங்க பாத்தியா, சாம்பக் கலரு. கொழம்பு கறுப்பு. இது மஞ்சளா இளிச்சிக்கினு நிக்குது."

மீதி நாய்க்குப் போனது. இந்த முறை நாய் புதைக்கவில்லை.

ஆடியில் இசைவாணி சேலத்திலிருக்கிற சித்தப்பா வீட்டுக்குப் பத்து நாள் போய்வந்தாள். அங்கே தின்றதையும் தூங்கியதையும் தவிர ஒன்றும் நடக்கவில்லை. அவள் திரும்பி வந்த அன்று பெரியநாயகி அவளைக் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். கல்மேல் ஒரு சட்டி இருந்தது. கேழ்வரகு மாவில் செய்த மூடி. சாம்பல் நிறத்தில், எண்ணெய் தடவி, பளபளவென்று. உள்ளே வெங்காயத்தைக் கரியாகும்வரை வறுத்து அரைத்த கறுப்புக் குழம்பு. அதில் மிதந்த உருண்டைக் காய், மலைச்சரிவில் அவளே பறித்து வந்த சுண்டைக்காய். டிவியில் அந்தக் காய் அதே அளவு, அதே மங்கல் நிறம்.

"இப்ப பாத்து சொல்லு. அதே கலரா?"

இசைவாணி பார்த்தாள்.

"அதேதான் அத்தே" என்றாள்.

பெரியநாயகி அன்று சிரித்த மாதிரி அதற்கு முன்னாலும் சிரித்ததில்லை, பின்னாலும் சிரித்ததில்லை. ஆவணி முழுவதும் அந்த ஒரே சட்டியைத் திரும்பத் திரும்பச் செய்தாள். கைப்பதம் வந்துவிட்டது. மூடி ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்துவது டிவிக்காரி அழுத்தியது போலவே இருந்தது. ருசியைப் பற்றி அவளுக்கும் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. கசக்கிறதுதான். ஆனால் வெள்ளைக்காரன் நாக்கு எப்படியிருக்கும் என்று நாம் எப்படிச் சொல்வது?

பெரிய அதிகாரி வருகிற நாள் புரட்டாசி முதல் வாரம் வியாழக்கிழமை என்று கடிதம் வந்தது. புதன்கிழமை சாயங்காலம் கறி வாங்கி, மஞ்சள் தடவி வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள். வாசலில் கொளஞ்சியப்பன் கோடாலியைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"இன்னாத்துக்கு இப்ப கோடாலி?"

"நாளைக்கு மறியலு. ஒரு வாரம். ஒரு வண்டி போவாது."

"நாளைக்கா? நாளைக்குதான்யா பெரிய ஐயா வராரு."

"வரட்டும். நடந்து வரட்டும்."

"எனக்கு வேலை போட்டுக் குடுக்க வராருய்யா."

"நம்ம ஜனத்துக்கே வேலை கேட்டுதான்டி ரோட்ல நிக்கப் போறோம். ஒதுக்கீடு வந்தா உனுக்கும் சேத்துதான்."

"ஜனத்துக்கு நாளான்னிக்குக் கேளு. எனக்கு நாளைக்கு ஒரு நாளு வுட்டுடு."

கொளஞ்சியப்பன் கோடாலியைத் தரையில் வைத்தான். அவன் கெட்டவன் இல்லை. அதுதான் கஷ்டம்.

"ஊரே போவுது பெரியநாயகி. நான் மட்டும் வூட்ல குந்திக்கினு இருந்தா, நாளைக்கு யாரு மூஞ்சில முழிக்கறது?"

அவள் தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டாள்.

விடிந்ததும் அவள் பங்களாவுக்குப் போனபோது வழியில் ஆள் நடமாட்டம் இல்லை. அடுப்பு மூட்டும்போது கீழே ரோட்டில் கோடாலி விழுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய முனகல், பிறகு ஒரு மோதல். ரோட்டோரத்துப் புளியமரம் குறுக்கே விழுந்துவிட்டது. இசைவாணி கூரைமேல் ஏறிப் பார்த்துவிட்டு வந்து, "மாமாதான் மரத்து மேல நிக்கறாரு அத்தே, கொடியோட" என்றாள்.

"இறங்குடி. மாவு பெசையணும்."

சமையல் மேடையில் ஒரு கிண்ணத்தில் ஊறவைத்த பச்சைப் பட்டாணி இருந்தது. யார் வைத்தது என்று இன்றுவரை தெரியாது. பாவாடை அண்ணன் சுண்டலுக்கு வைத்திருப்பார் என்று பெரியநாயகி அதை ஜன்னலோரம் ஒதுக்கிவிட்டு, சுண்டைக்காயைக் கழுவினாள்.

அன்று அவள் உலை வைக்கவில்லை. அந்த மாளிகையில் யாரும் சோறு தின்று அவள் பார்த்ததில்லை. பதினோரு வருஷத்தில், அதிகாரி வந்தும் பங்களா அடுப்பில் சோறு வேகாத நாள் அது ஒன்றுதான்.

பன்னிரண்டு மணி ஆனது. ஒரு மணி ஆனது. தணல் போட்டுப் போட்டு மூடி இறுகிக்கொண்டே வந்தது. பாவாடை நாலு தடவை வாசலுக்குப் போய் வந்தார். "இன்னிக்கு வரமாட்டாரும்மா" என்றார். பெரியநாயகி தணலை ஊதினாள்.

மூன்று மணிக்கு வந்தார். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, குதிகாலில் கொப்புளத்தோடு, ஒல்லியான ஐம்பது வயது மனிதர். பின்னால் ராஜாங்கம், தலையில் பைலை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு. ஜீப்பைக் கச்சிராயபாளையத்தில் விட்டுவிட்டு அத்தனை தூரமும் நடந்திருக்கிறார்கள். நாலு இடத்தில் மரம் ஏறி இறங்கியிருக்கிறார்கள். கடைசி மரத்தில் பெரியவருக்குக் கைகொடுத்து இறக்கிவிட்டது கொளஞ்சியப்பன்தான் என்று பிறகு தெரிந்தது.

பெரியநாயகி சட்டியை வெள்ளைத் துணியில் ஏந்தி வந்து மேசைமேல் வைத்தாள். இசைவாணியும் பாவாடையும் கதவோரம் நின்றார்கள். அதிகாரி கரண்டியால் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. இன்னொரு தட்டு. மூன்றாவது தட்டில் மூடி ஓடு மாதிரி இரண்டாகப் பிளந்தது. உள்ளேயிருந்து கறுப்பாக ஏதோ எட்டிப் பார்த்தது.

"இது என்னம்மா?"

"மூடிக்கறிங்க ஐயா. லண்டன் சாப்பாடுங்க. உங்களுக்குப் பழக்கமானதுங்க."

அதிகாரி ராஜாங்கத்தைப் பார்த்தார். ராஜாங்கம் கூரையைப் பார்த்தார்.

"லண்டன்ல நான் மூணு மாசம் டிரெயினிங் போனேம்மா. மூணு மாசமும் ரொட்டியும் எங்க வீட்டு ஊறுகாயும்தான். நமக்கு மன்னார்குடி."

ஆனாலும் மரியாதைக்காரர். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். மறுபடி மென்று, தண்ணீர் குடித்து விழுங்கினார். கரண்டியைச் சத்தம் வராமல் கீழே வைத்தார்.

"தப்பா நெனைக்காதம்மா. ரொம்ப தூரம் நடந்துட்டேன். கொஞ்சம் ரசஞ்சாதம் இருக்குமா?"

அவர் அதட்டியிருந்தால் பெரியநாயகிக்கு ஏதாவது வாயில் வந்திருக்கும். அவர் கெஞ்சினார். அவள் சமையலறைப் பக்கம் திரும்பி, அடுப்பில் இல்லாத உலையைப் பார்த்தாள். சோறு இல்லை என்று சொல்ல ஒரு சமையல்காரிக்கு வார்த்தை வராது.

அந்தக் கட்டடத்தில் இருந்த ஒரே சோறு பாவாடையின் தூக்குச்சட்டியில் இருந்தது. இசைவாணி காலையில் பொங்கியது. சோறு, ரசம், மாங்காய் ஊறுகாய் ஒரு கீற்று. பாவாடை நெளிந்துகொண்டே கொண்டுவந்து வைத்தார். ரசம் ஆறிப் போயிருந்தது, உப்பும் கம்மி. அதிகாரி கையால் பிசைந்து சாப்பிட்டார். சட்டியை வழித்துச் சாப்பிட்டார். ஊறுகாய் தீர்ந்ததும் விரலைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பிறகு அவரே எழுந்து, கொப்புளக் காலோடு நொண்டிக்கொண்டு, கதவோரம் நின்றவர் முன்னால் வந்து நின்றார்.

"உன் பேர் என்னப்பா?"

"பாவாடைங்க ஐயா."

பெரியநாயகி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மாசி மாதம் டிவியில் பார்த்த அதே காட்சி. ஒன்றும் மாறவில்லை. நிற்கிற ஆள் மட்டும் வேறு.

"ஐயா, சமையலு இந்தம்மாதாங்க. பதினோரு வருசமா..." என்று பாவாடை ஆரம்பித்தார். அதிகாரி அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார். அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் ரோடு திறக்கவில்லை. இரண்டு நாளும் பெரியநாயகி சோறு வடித்தாள், குழம்பு வைத்தாள், ரசம் வைத்தாள். எல்லாம் நன்றாகவே இருந்தன. அதற்குள் அவர் எழுத வேண்டியதை எழுதி முடித்திருந்தார்.

உத்தரவு கார்த்திகையில் வந்தது. ராஜாங்கம் சைக்கிளை விட்டு இறங்காமலே படித்தார். காவலாளியே சமையலும் நன்கு அறிந்தவராக இருப்பதால், மேற்படி விடுதிக்குத் தனிச் சமையல் ஆள் தேவையில்லை. தினக்கூலி ஆளையும் நிறுத்திவிடலாம்.

"எம்பேரு எங்கியாச்சும் வருதா அதுல?" என்று கேட்டாள்.

ராஜாங்கம் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். பாவம், அவரும் நல்லவர்தான்.

அப்போது கொளஞ்சியப்பன் ஜெயிலில் இருந்து திரும்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. மறியலில் பிடித்துக் கடலூருக்குக் கொண்டுபோனார்கள். வரும்போது இருமலோடு வந்தான். அவளுக்கு வேலை போனதைக் கேட்டதும், "நான்தான் வெட்டுனேன் அந்த மரத்த" என்றான். "தெரியும்" என்றாள். அதற்கு மேல் இருவரும் அதைப் பேசியதில்லை. தை பிறந்ததும் மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டுகிற கூட்டத்தோடு இரண்டு பேரும் போனார்கள். அந்தத் தையோடு அவளுக்கு வயதும் தாண்டியது.

பாவாடைக்கு உலை வைக்கக்கூடத் தெரியாது. பங்களாவுக்கு வருகிறவர்களுக்கு இப்போது இசைவாணி பொங்குகிறாள். சுமாராக இருக்கும். "பாவாடை, பிரமாதம்யா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

எண்பத்தொன்பதில் ஒரு நாள் கொளஞ்சியப்பன் மிக்சர் பொட்டலத்தோடு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"ஒதுக்கீடு குடுத்துட்டாங்க பெரியநாயகி. கேட்டது முழுசா இல்ல, ஆனா குடுத்துட்டாங்க."

"எதுல?"

"எல்லா சர்க்கார் வேலைலயும்தான்."

"பங்களாவுல?"

அந்தப் பங்களாவில் ஒதுக்குவதற்கு வேலையே இல்லை. கொளஞ்சியப்பன் மிக்சரைப் பிரித்து நடுவில் வைத்தான். இரண்டு பேரும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார்கள். கடலையாகப் பார்த்து அவன் அவள் பக்கம் தள்ளினான்.

அதே வருஷம் பங்களாவுக்குக் கலர் டிவி வந்தது. பழைய தொடரை மறுபடி போட்டார்கள். ஒரு சனிக்கிழமை பெரியநாயகி தலையில் விறகுக்கட்டோடு அந்தப் பக்கம் போனவள் கூடத்து ஜன்னலுக்கு வெளியே நின்றாள். இளைய துரை மூடியைத் தட்டிக்கொண்டிருந்தான். அது வெயில் பட்ட வைக்கோல் நிறத்தில் இருந்தது. பொருபொருவென்று உதிர்ந்தது. உள்ளே இருந்த காய் பச்சைப்பசேல் என்றிருந்தது. அவள் விறகை இறக்கவில்லை. துரை படியிறங்கி வருகிறவரைக்கும் நிற்கவும் இல்லை.

இதுவரைக்கும் எழுதியதை இசைவாணி பெரியநாயகிக்குப் படித்துக் காட்டினாள். எழுதியவளும் இசைவாணிதான். நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனாள். பெரியநாயகி களி கிண்டிக்கொண்டே கேட்டாள். லண்டன்காரர்கள் வெங்காயம் உரிக்கிற இடத்தில் மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது. மற்ற இடத்திலெல்லாம் துடுப்புச் சத்தம் மட்டும்தான். படித்து முடித்ததும் அடுப்பைத் தணித்தாள்.

"எம்பேரு நெறைய எடத்துல வருது."

"ஆமா அத்தே. எண்ணல."

"உன் பேரதான் ஒழுங்கா எழுதல."

"இன்னா அத்தே?"

"சேலத்துல உங்க சித்தப்பன் வூட்ல இருந்தது கலர் டிவிதான?"

இசைவாணி ஏதோ பக்கத்தைத் தேடுவது போல நோட்டைப் புரட்டினாள்.

"திரும்பி வந்த அன்னிக்கு அதே கலரான்னு கேட்டேன். அதேதான் அத்தேன்னு சொன்ன. அத எழுதிட்ட. எதப் பாத்துட்டு வந்து அப்டிச் சொன்னன்றத மட்டும் வுட்டுட்ட."

"மொதல்ல சிரிக்கலாம்னுதான் அத்தே... அப்பறம் நீ சிரிச்சிட்ட. அதுக்கப்பறம் சொல்ல வாய் வரல."

"அதுக்குத்தான் பட்டாணியா?"

இசைவாணி நோட்டை மூடினாள்.

"இன்னிவரைக்கும் தெரியாதுன்னு எழுதியிருக்கிறியே, யாருக்குடி தெரியாது? சேலத்துக் கடை பேரு போட்ட பொட்டலத்தப் பிரிச்சி ஊறவச்சிட்டு, பேப்பர அடுப்பாண்டயே போட்டுட்டுப் போயிருக்கிற. மறுநாளு சாம்பல் அள்ளும்போதே பாத்தேன்." பெரியநாயகி துடுப்பில் ஒட்டிய களியை விரலால் வழித்துச் சட்டியில் போட்டாள். "அந்த எடத்துல உன் பேரப் போடு. இல்லன்னா மொத்தத்தையும் கிழிச்சிக் குடு, களி இன்னும் வேவல."